உள்ளே விடக் கூடாதவர்கள்

எங்கள் வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஈமெயில். பல் தேய்க்கும் பிரஷ்ஷைத் தவிர அந்த வீட்டில் எல்லாமே பொது, மெயிலும் அதில் சேர்ந்துவிட்டது. அதை உண்டாக்கியது என் தங்கை. வீட்டில் அவள் சின்னவள், நான் பெரியவள். பாஸ்வேர்டாக அப்பாவின் தொழிற்சாலை அடையாள அட்டை எண்ணை வைத்தாள். "அப்பா எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டார்" என்றாள். அவள் சொன்னது சரிதான். அம்மாவின் பிறந்தநாளை வருஷா வருஷம் மறக்கிற மனுஷர், அந்த ஆறு இலக்கத்தைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அப்பா ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் கேட்டில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்தவர். அங்கே நீளமாக ஒரு நோட்டு இருக்கும். யார் வந்தது, எத்தனை மணிக்கு, யாரைப் பார்க்க, அனுமதித்ததா திருப்பி அனுப்பியதா, கடைசியில் அப்பாவின் கையெழுத்து. பின்னட்டையை ஒட்டிய பக்கத்தில் 'உள்ளே விடக் கூடாதவர்கள்' என்று ஒரு பட்டியலும் உண்டு. ஆனால் அப்பா யாரையும் ஒரேயடியாக விரட்டியதில்லை. "இன்னைக்கு இல்ல, நாளைக்கு வந்து பாருங்க" என்பார். மறுநாள் அந்த ஆள் வந்து அதே இடத்தில் நிற்பான். மூன்றாம் நாள் அப்பாவே உள்ளே போய் மேனேஜரிடம் கெஞ்சிக் கூத்தாடி அவனுக்கு வழி பண்ணிக் கொடுத்துவிட்டு வருவார். கேட்டில் சொல்கிற 'இல்லை' அன்றைக்கு மட்டும்தான் செல்லும் என்பது அவர் நினைப்பு. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் குடி முழுகியது இதில்தான்.

சின்னவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தனக்குப் பிடித்த ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். அப்பாவுக்கு அவனைப் பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது. தன்னைக் கேட்காமல் ஒருத்தன் உள்ளே வந்துவிட்டான் என்பதுதான் அவருக்குப் பெரிய குற்றமாகப் பட்டிருக்க வேண்டும். "இந்த வாசலைத் தாண்டிட்டா திரும்பி வராத" என்றார். சின்னவள் என்னைப் பார்த்தாள்.

"அக்கா, நீயாவது ஒரு வார்த்தை சொல்லேன்."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஒரே துண்டைப் பிரித்துப் பிரித்து மூன்று தடவை மடித்தேன். எனக்கு வாய் இல்லாமல் இல்லை, ஊர்ப்பட்ட வாய் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் அது எங்கே போய்த் தொலைந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவள் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அப்பா அந்த வாரமே வீட்டு போன் நம்பரை மாற்றினார். எங்களிடம் அப்போது செல்போன் இல்லை. சின்னவளிடம் இருந்ததற்கு அடித்துப் பார்த்தேன், உபயோகத்தில் இல்லை என்றது. அவளுக்கென்று தனி மெயிலும் கிடையாது, அவளும் அந்தப் பொது மெயிலைத்தான் வைத்திருந்தாள். நாங்கள் அவளுக்கு எழுத வழியே இல்லை. அவள்தான் எழுதியாக வேண்டும், அதுவும் இந்த ஒன்றில்தான். இது மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றி மூச்சு விட்டதில்லை.

கம்ப்யூட்டர் கூடத்து மூலையில், பழைய தையல் மெஷின் மேஜைமேல் இருந்தது. அம்மா அதற்கு ஒரு துண்டைப் போர்த்தி வைப்பாள். உட்காருகிறவர்கள் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பார்க்க வேண்டும், முடித்ததும் போர்த்த வேண்டும். கால் வைக்கும் இடத்தில் தையல் மெஷினின் மிதி இன்னும் இருந்தது. அப்பா மெயில் படிக்கும்போது தன்னை அறியாமல் அதை மிதித்துக்கொண்டிருப்பார்.

சின்னவள் போய் நாலு மாதம் ஆனபோது அம்மா ஒரு காரியம் செய்தாள். மூட்டு வலி போக்கும் எண்ணெய் என்று திரையில் ஏதோ மினுக்கியிருக்கிறது. அதில் கேட்டதையெல்லாம் அப்பாவை நிரப்பச் சொல்லியிருக்கிறாள். வயது, எடை, எந்த முட்டி, எத்தனை நாளாக வலி. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. எண்ணெய்க்காரன் தன் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் எங்கள் விலாசத்தைக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது. தலைமுடி வளர்க்கிறவன், தொந்தியைக் கரைக்கிறவன், வெளிநாட்டில் கணவனை இழந்து சொத்தோடு தவிக்கிற ஒரு பெண்மணி.

"பாவம்டி, எழுத்தைப் பாத்தாலே குடும்பப் பொண்ணு மாதிரி தெரியுது" என்றாள் அம்மா.

அப்பா அதைவிட மேல். வாசலில் வந்து நிற்கிறவனுக்கு பதில் சொல்லாமல் விடுவது அவர் வழக்கத்திலேயே இல்லை. ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொருவருக்கும் பதில் போட்டார். 'தங்கள் கடிதம் கிடைத்தது. இப்போது தேவையில்லை. பிறகு பார்க்கலாம்.' பதில் போட்டால் இன்னும் பத்துப் பேர் வருவார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? நான் அந்த மாதம்தான் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜை வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பகல் முழுக்க ஊராரைப் பார்த்துச் சிரித்துவிட்டு வந்தால், வீட்டில் சிரிக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அப்பா, அம்மா யார் எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுவேன்.

ஒரு நாள் காலையில் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு மெயில் காத்திருந்தது. அப்பா மிதியை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"இந்தக் கூட்டத்துல முக்கியமானது ஏதாவது வந்தா எப்படிம்மா தெரியும்?"

எது முக்கியமானது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த விடுமுறை நாளில் உட்கார்ந்தேன். ஒருநாள் பூராவும் ஆயிற்று. டாக்டரின் மெயிலுக்கு இந்த வேலையை ஒருவர் செய்தபோது பக்கத்தில் நின்று பார்த்திருந்தேன், அந்த ஞானம்தான் எனக்கு. முதலில் பாஸ்வேர்டை மாற்றினேன், ஊரெல்லாம் நம் விலாசம் சுற்றும்போது அதுதான் முதல் வேலை என்று அவர் சொல்லியிருந்தார். ஸ்பேம் ஃபில்டரை முறுக்குகிற மட்டும் முறுக்கி வைத்தேன். ஸ்பேமில் விழுவது முப்பது நாளில் தானே அழிந்துவிடும். இடது பக்கம் வரிசையாக இருக்கும் பெட்டிகளில் ஸ்பேம் பெட்டியை மறைத்தும் வைத்தேன். இல்லாவிட்டால் அம்மா அந்தப் பெண்மணியைத் தேடச் சொல்லி அப்பாவை உள்ளே அனுப்பிவிடுவாள்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

"இந்தப் பட்டன் தெரியுதா? வேண்டாததா வந்தா இதை அமுக்குங்க. பதில் கிதில் போடக் கூடாது."

"பதில் சொல்லாம எப்படிம்மா திருப்பி அனுப்பறது?"

"அதெல்லாம் அது பாத்துக்கும். நீங்க ஒரு தடவை அமுக்குங்க, போதும்."

அப்பாவுக்கு ஒரே குஷி. "அப்போ நான் கேட்ல உக்காந்திருக்கேன், இது எனக்குக் கீழ வேலை பாக்கற ஆளு" என்றார். நான் ஒரு காகிதத்தில் 'வேண்டாதது வந்தால் இதை அமுக்கவும்' என்று எழுதி, அம்புக்குறி போட்டு, திரையின் விளிம்பில் ஒட்டினேன். ஒரே வாரத்தில் கூட்டம் வடிந்துவிட்டது. நானூறு நாற்பதாகி, நாற்பது நாலாயிற்று. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சின்னவள் எழுதினால் இனி பளிச்சென்று தெரியும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அவளுக்காகத்தான் அதைச் செய்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா வந்து நின்றார்.

"அம்மாடி, அந்தப் பட்டனை அமுக்கினா, அனுப்பினவங்களுக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்ப்பா."

"திருப்பி அனுப்பிட்டோம்னு சொல்லிடுமா அவங்ககிட்ட?"

"சொல்லிடும், சொல்லிடும். மனுஷியை உள்ள வர விடுங்களேன்."

"கோவிச்சுப்பாங்களோ?"

"எண்ணெய் விக்கறவன் கோவிச்சுக்கிட்டா நமக்கு முட்டியா தேஞ்சிடும்?"

அப்பா சிரிக்கவில்லை. "அதுவும் சரிதான்" என்று போய்விட்டார். எனக்கு அது தெரியுமா தெரியாதா என்றுகூட நான் யோசிக்கவில்லை. பேச்சை முடிக்க வேண்டும், அவ்வளவுதான். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை வந்தார். திருப்பி அனுப்பியதெல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டார். "குப்பையில. அந்தப் பக்கம் போகாதீங்க, தொட்டாலே வைரஸ் வந்து கம்ப்யூட்டரே போயிடும்" என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. காலை ஏழு மணிக்குக் குளித்து, பனியனோடு அல்ல, பொத்தான் போட்ட சட்டையோடு வந்து உட்காருவார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இன்பாக்ஸைத் திறந்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார். எட்டு மணி ஷிப்டுக்காரர்கள் வருவதற்கு முன் கேட்டைத் திறக்கிற நேரம் அது. "டூட்டிக்குப் போயிட்டார் உங்கப்பா" என்று அம்மா கேலி செய்வாள். ஒன்பது மணிக்குத் துண்டைப் போர்த்திவிட்டு எழுந்திருப்பார்.

"ஒண்ணும் வரலியாங்க?"

"வரல."

இப்படி ஒரு வருஷம் எட்டு மாதம். மின்சார பில் வந்தது, டாக்டரிடமிருந்து விடுமுறைப் பட்டியல் வந்தது. இன்பாக்ஸ் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல இருந்தது. அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்பதை விட்டாள். ஒருநாள் ரொட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டே, "அந்தக் கூட்டம் வந்துக்கிட்டிருந்தப்பவே தேவலை. இதுல ஒண்ணு அவளோ, அதுல ஒண்ணு அவளோன்னு இருக்கும்" என்றாள். எனக்குத் தங்கைமேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. தலைக்கனம் பிடித்தவள், கல் நெஞ்சக்காரி, பெற்ற தாய்க்கு ஒரு வரி எழுதக் கை வரவில்லையா என்று ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு திட்டுவேன். நான் அன்றைக்கு வாயைத் திறக்காததற்குப் பழி வாங்குகிறாள் என்றும் நினைத்துக்கொள்வேன்.

அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி செய்யக் கொடுத்திருந்தோம். பத்து நாள் ஆகியும் சத்தமில்லை. கடைக்குப் போய்ச் சண்டை போட்டேன். கடைக்காரர் அலட்டிக்கொள்ளாமல், "போன வாரமே மெயில் போட்டாச்சே. ஸ்பேம்ல விழுந்திருக்கும், பாருங்க" என்றார்.

அன்றைக்குத் தேதி இருபத்து நாலு. வீட்டுக்கு வந்து, நானே ஒளித்து வைத்த பெட்டியை நானே தேடி எடுத்தேன். அப்பா சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாடி கிடைக்கப் போகிற ஆசையில் என் பின்னால் நின்றாள். இருநூறுக்குமேல் குப்பை. எண்ணெய், முடி, தொந்தி. கீழே கீழே போனேன். கண்ணாடிக் கடை கிடைத்தது. அதற்கும் கீழே, இருபத்தேழு நாளுக்கு முந்தைய தேதியில் ஒன்று தமிழில் இருந்தது. தலைப்பு: 'அப்பாவுக்கு'.

நான் திறந்தேன். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்குத்தான் எழுத்து தெரியாதே, "என்னடி, கடைக்காரனா?" என்றாள். நான் வாய்விட்டுப் படித்தேன். ஏன் படித்தேன் என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை.

'அப்பாவுக்கு. இது பதினோராவது கடிதம். இதற்குமேல் எழுதப் போவதில்லை. தபாலில் போட்டால் நீங்கள் பிரிக்காமலே கிழித்துவிடுவீர்கள், மெயில் என்றால் அம்மாவும் அக்காவும்கூடப் பார்ப்பார்கள் என்றுதான் இதில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று பேரும் படித்துவிட்டு மூன்று பேரும் சும்மா இருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை. படித்தீர்களா என்று மட்டுமாவது தெரிந்துகொள்ளலாம் என்று ஒருநாள் பழைய பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்தேன். மாற்றிவிட்டீர்கள். சரி. பாப்பாவுக்கு எட்டு மாதம் ஆகிறது. படம் ஒன்பதாவது கடிதத்தில் அனுப்பினேன். காது அப்படியே உங்கள் காது. வீட்டு விலாசமும் போன் நம்பரும் நாலாவதில் இருக்கிறது, திரும்பத் திரும்ப எழுத மானம் தடுக்கிறது. இது என் ஆபீஸ் மெயில். பதினைந்தாம் தேதியோடு வேலையை விடுகிறேன், நாங்கள் வேறு நாட்டுக்குப் போகிறோம். அதற்குள் உங்களிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால், போகும் வழியில் பாப்பாவைக் கொண்டுவந்து காட்டிவிட்டுப் போகிறேன். வராவிட்டால், உங்களுக்கு ஒரே பெண்தான் என்று நானும் எடுத்துக்கொள்கிறேன். அக்காமேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்லுங்கள்.'

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பதினோரு லெட்டர் போட்டிருக்கா. பதினோரு லெட்டர்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு திடீரென்று நிமிர்ந்து, "மத்த பத்தும் எங்கடி? அதை எடு. குழந்தை படம் இருக்காமே, எடு" என்றாள். முப்பது நாளில் அழியும்படி விட்டது நான்தான் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. "குப்பைத் தொட்டியில போட்டா குப்பைக்காரன்கிட்ட கேக்கலாமே" என்றாள்.

கடிதத்துக்கு மேலே மஞ்சளாக ஒரு பட்டை இருந்தது. இது ஏன் ஸ்பேமில் இருக்கிறது என்று அதுவே ஒரு கேள்வி கேட்டு அதுவே பதிலும் சொல்லியிருந்தது: இவரிடமிருந்து வந்த கடிதத்தை நீங்கள் முன்பு ஸ்பேம் என்று குறித்தீர்கள். நான் குறிக்கவில்லை. அம்மா மவுஸைத் தொட்டதே இல்லை. நான் திரும்பிப் பார்த்தபோது அப்பா செய்தித்தாளை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

ஃபில்டர் தப்புப் பண்ணிவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார்.

"நான்தான். முதல் லெட்டர் வந்த அன்னைக்கு."

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பேரைப் பாத்ததும் ஒரு வேகம் வந்துச்சு. படிக்கக்கூட இல்ல. அமுக்கிட்டேன். ஒரே ஒரு தடவைதான்." மடித்த செய்தித்தாளை இன்னும் மடிக்கப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள வேகம் போயிடுச்சு. சரி, மறுநாள் வந்து நிப்பா, அப்போ உள்ள விட்டுடலாம்னு இருந்தேன். தினமும் பாத்தேன். வரவே இல்லியேம்மா."

"என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதாங்க?" என்றாள் அம்மா. அந்தக் குரலை அவளிடம் நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"உன்கிட்ட கேட்டேனேம்மா. திருப்பி அனுப்பினா அவங்களுக்குத் தெரியுமான்னு. தெரியும்னியே. சொல்லிடும்னியே. அப்போ அவளுக்கும் கோவம் வந்துடுச்சு, என்னை மாதிரிதானேன்னு நினைச்சுக்கிட்டேன்."

அவர் என்னை அறைந்திருக்கலாம். எனக்கு அது எவ்வளவோ மேலாக இருந்திருக்கும்.

பதினைந்தாம் தேதி போய் ஒன்பது நாள் ஆகியிருந்தது. இருந்தாலும் பதில் போடலாம் என்றேன். அப்பா உட்கார்ந்தார். துண்டைத் தோளில் போட மறந்துவிட்டார். என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லத் தொடங்கி, மன்னிப்பு, பாப்பா, அம்மா அழுகிறாள் என்று என்னென்னவோ சொன்னேன், அவர் எதையும் காதில் வாங்கவில்லை. ஒற்றை விரலால் வெகுநேரம் தேடித் தேடி இரண்டே வார்த்தை தட்டினார். 'உள்ளே வா.' அனுப்பினேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, புதிதாக ஒரு மெயில் வந்து விழுந்தது.

"பாருங்க! பதில் வந்துடுச்சு! உடனே போட்டுட்டா!" அம்மா தரையிலிருந்து எழுந்து அப்பாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். மூட்டு வலியெல்லாம் எங்கே போயிற்றோ. நான் அதற்குள் படித்துவிட்டேன். இப்படி ஒரு விலாசம் இங்கே இல்லை, உங்கள் கடிதம் திருப்பி அனுப்பப்படுகிறது. அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க இருக்கற மெஷின் சொல்லுது பாரு, இல்லைன்னு. நம்ம மெஷின் அவகிட்ட ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லப்பா."

"பதினோரு தடவையும்?"

"இல்லப்பா."

மறுநாள் சின்னவள் வேலை பார்த்த ஆபீஸின் நம்பரைத் தேடிப் பிடித்து, பல் டாக்டரின் மேஜையிலிருந்தே கூப்பிட்டேன். அக்கா என்றேன், அவசரம் என்றேன், அழுதும் பார்த்தேன். ஒரு பெண் மிகவும் தன்மையாகப் பேசினாள். "அவங்க வேலையை விட்டுட்டாங்க மேடம். வெளிநாடு போறதா சொன்னாங்க. மத்த விவரம் எதுவும் நாங்க தர முடியாது, மன்னிச்சுக்கோங்க." நான் நோயாளிகளின் வீட்டாரிடம் நாள்தோறும் சொல்கிற அதே வாக்கியம், அதே குரல். அவளைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை. சின்னவள் கணவனின் ஊரில் விசாரித்தோம், வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். எந்த நாடு என்பதில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள்.

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப் போகிறது. அந்த வாரமே அப்பா ஃபில்டரை எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். அவள் வேறு ஏதாவது புது விலாசத்திலிருந்து எழுதினால் அது வழியில் நிற்கக் கூடாது என்றார். எண்ணெய்க்காரனும் முடிக்காரனும் வந்துவிட்டார்கள், சொந்தபந்தத்தோடு. காலை ஏழு மணிக்கு அப்பா சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்கிறார். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறார். ஒன்பது மணிக்கு முடிவதில்லை, சில நாள் மத்தியானம் ஆகிவிடுகிறது. அம்மா அவரோடு அதிகம் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் கொண்டுபோய்க் கீபோர்டு பக்கத்தில் வைக்கிறாள். சின்னவள் இனி எழுதமாட்டாள் என்று எனக்குத் தெரியும். பதினோரு தடவை கதவைத் தட்டியவள் பன்னிரண்டாவது தடவை ஏன் வரப் போகிறாள்? அதை அப்பாவிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. திரை விளிம்பில் ஒட்டிய காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன், பசை மட்டும் போகவில்லை.

போன வாரம் மேஜையைத் துடைக்கும்போது இழுப்பறையில் ஒரு நீளமான நோட்டு இருந்தது. புதிதாக வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தார். வரிசை எண், பெயர், தேதி, நேரம், யாரைப் பார்க்க, அனுமதி, கையெழுத்து. எண்ணெய்க்காரர்கள் யாரும் அதில் இல்லை. முதல் வரியில் சின்னவளின் முழுப் பெயரை எழுதியிருந்தார். தேதி போட்டு, காலை ஏழு இருபது என்று நேரமும் போட்டிருந்தார். யாரைப் பார்க்க: அப்பாவை. திருப்பி அனுப்பப்பட்டார். அதன் பக்கத்தில் அவர் கையெழுத்து. இரண்டிலிருந்து பத்துவரை ஒவ்வொரு வரியிலும் அதே பெயர், அதே 'அப்பாவை', தேதியும் நேரமும் இருக்க வேண்டிய கட்டங்களில் 'தெரியாது' என்று ஒன்பது தடவை எழுதி, ஒன்பது தடவையும் 'திருப்பி அனுப்பப்பட்டார்' என்று குறித்து, ஒன்பது கையெழுத்து.

பதினோராவது வரியில் பெயருக்குப் பக்கத்தில், 'குழந்தையுடன்' என்று சேர்த்திருந்தார். யாரைப் பார்க்க: எல்லாரையும். அனுமதிக்கப்பட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். வந்த நேரத்துக்கான கட்டத்தைக் காலியாக விட்டு வைத்திருந்தார். நான் நோட்டை இருந்த இடத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினேன்.